எந்த மீனுக்குள் எவ்வளவு மருந்து

சோற்றுக்கடைக்காரிக்கு உலை கொதிக்கும் முன்னே பயம் கொதித்துவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீனுக்குள் பூச்சி மருந்து ஏறுகிற சங்கதியைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. அடுப்படியில் பயந்து சாகும் என் இனத்தார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சட்டி

குற்றாலத்தில் சாரல் காலம். அந்த மூன்று மாத வியாபாரம்தான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு. பாவூர்சத்திரத்திலிருந்து குளிக்க வந்த, ஒருவருக்கொருவர் மச்சான் முறையான இருவருக்கு ஒரே சட்டியிலிருந்து விரால் மீன் குழம்பு ஊற்றினேன். ஒருவர் விரலை நக்கினார். மற்றவர் இலையைத் தள்ளிவிட்டுக் கத்தினார்: "இவனுக்கு மட்டும் மீனு, எனக்கு மூட்டப்பூச்சி மருந்தா?"

பாடம்

இந்தப் பேச்சு அருவிக்கரை வரை போனால் கடையை மூட வேண்டியதுதான். சாப்பிட வந்த காலேஜ் வாத்தியாரிடம், "ரெண்டும் ஒரே குளத்து மீனுதான சார்?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

வயலில் அடித்த மருந்து மழையில் வடிந்து, வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வருகிறதாம். வாய்க்கால் விழும் இடத்தில் மேய்ந்த மீனுக்கு அதிகம், தள்ளி மேய்ந்ததற்குக் குறைவு. சின்ன மீன்களை விழுங்கும் பெரிய மீனுக்கு அவற்றின் மருந்தும் சேரும். வயசு ஏற ஏறக் கொழுப்பில் தங்கிவிடும்.

மறந்துவிடக் கூடாதென்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன்: "வயசானது, கொழுத்தது, கண்டதையும் முழுங்குதது... கிட்டயே சேக்கக் கூடாது."

பெஞ்சில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "ஏட்டி, மீனச் சொல்லுதியா, என்னயச் சொல்லுதியா?"

விசாரணை

மறுநாள் மீன்காரர் கூடையை இறக்கியதும் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பிடித்தேன். இதற்கு என்ன வயசு? குளத்தில் எந்தப் பக்கம் இருந்தது? சாப்பாடு எப்படி? கெளுத்திக்கு வந்தபோது அவர் தலையில் கட்டியிருந்த துண்டை உதறினார்.

"யக்கா, மீனு வாங்குதியளா, மகனுக்குப் பொண்ணு பாக்குதியளா?"

வாழைக்காய்

வயசும் இடமும் தெரியாத மீன் வேண்டாமென்று கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டு, வாழைக்காயைச் சீவி மீன் மசாலா தடவிப் பொரித்தேன். மீன் பேச்சு பரவிக் குறைந்திருந்த கூட்டம் இரண்டே நாளில் திரும்பியது. இலையைத் தள்ளிய அந்த மச்சானும் வந்தார். ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, இந்த வாழக்கா எந்த வாய்க்கா தண்ணியில காய்ச்சது?"

அன்றிலிருந்து நான் வெறும் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்கிறேன். அந்த மருந்தை அடித்ததே நெல்லுக்குத்தான் என்று தயவுசெய்து யாரும் எனக்கு நினைவுபடுத்திவிடாதீர்கள்.