ராகுகாலத்துக்கு முந்தி மூடிய ரேடியேட்டர்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் பம்பாய் தாராவியில் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்து, மாட்டுங்கா வரை பெயர் வாங்கியவன். அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு ரேடியேட்டர் நடுங்க வைத்துவிட்டது.

அன்று என் காரின் ரேடியேட்டருக்குப் புது ரப்பர் ஹோஸ் மாட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாட்டுங்கா குமாஸ்தா ஒருவர் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, ஆத்துக்காரிக்கு வலி கண்டுடுத்து! ராகுகாலம் வரதுக்குள்ள கிளம்பிடணும்."

தண்ணீர் வாய்வரை நின்றது. என்ஜினை ஓடவிட்டுப் பார்க்காமலே மூடியைத் திருகி மூடினேன்.

"நம்ம கை பட்ட வண்டி, சாமி. பயப்படாதிய!"

தாதர் தாண்டுமுன் ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறியது. பின்சீட்டில் அந்த அம்மாள் துடித்தாள். பதற்றத்தில் இறங்கி மூடியைத் திறக்கப் போனேன்.

"தொடாதீங்கோ! கை வெந்துபோனா வண்டியை யார் ஓட்டறது?" என்று அவளே கத்தினாள்.

சூடு தணியும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு மூடியைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு ஹோஸை அமுக்கினேன். உள்ளே அடைபட்டிருந்த காற்று குபுகுபுவென்று வெளியேற, தண்ணீர் மளமளவென்று இறங்கியது. குமாஸ்தா குழாயடியிலிருந்து கொண்டுவந்த ஒரு வாளித் தண்ணீரையும் ரேடியேட்டர் குடித்தது.

பரேல் ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

இப்போதெல்லாம் என்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்கும்வரை மூடியை மூடுவதில்லை. ராகுகாலமே பிறந்தாலும் அதுவரை வண்டி என் வாசலில்தான் நிற்கும்.