விசில் கொடுக்காத கண்டக்டரம்மா

அகதிகள் விடுதியில் சாப்பாட்டு வரிசை முட்டி மோதினால் ஒரு குரல் எழும்: "அப்படியே உள்ள நகருங்க, உள்ள எவ்ளோ இடம் கெடக்கு." பாதிப் பேருக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் நகர்ந்துவிடுவார்கள். குரலுக்குச் சொந்தக்காரரைப் பெயர் தெரிந்தவர்கள்கூட கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி ஆயுசை ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே கழித்தவர். நாடு மாறியதும் வேலை போய்விட்டது, தோரணை போகவில்லை.

அவர் கணவர் அதே பஸ்ஸுக்கு டிரைவர். கல்யாணத்துக்கு முன்பே இருவருக்கும் நல்ல புரிதல் இருந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. கல்யாணத்துக்குப் பிறகு பேச்சு அவ்வளவு சுருக்கமாக முடிவதில்லை என்று டிரைவர் அலுத்துக்கொள்வார். கண்டக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஊரை விட்டு ஓடிவரக் காரணமான நாளும் எல்லா நாளையும் போலத்தான் விடிந்தது. பாலத்தருகே ஆயுதத்தோடு சிலர் பஸ்ஸை மறித்தார்கள். தங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கிளம்பியிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பின் சீட்டிலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். "வண்டிய எடு" என்றார்கள். கண்டக்டரம்மா கீழே இறங்கி வாத்தியாருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இவரு கோர்ட் ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கியிருக்காரு. இது கோர்ட் ஸ்டாப் இல்ல."

விசில் கையில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. பஸ் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் லாரியும் காரும் சேர்ந்துகொள்ள, ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அத்தனை பேர் பார்க்க ஒன்றும் செய்ய முடியாமல் அந்த ஆட்கள் வாத்தியாரை விட்டுவிட்டார்கள். போகும்போது கண்டக்டரம்மாவின் முகத்தை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். மறுவாரமே வீடு எரிந்தது.

புது நாட்டில் தஞ்சம் கேட்டுப் போன இடத்தில், மனு யார் பெயரில் என்றுதான் முதலில் கேட்டார்கள். இருவரும் யோசிக்கவே இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனுப் போட்டாலும் குடும்பத் தலைவர் பெயரில் போட்டுப் பழகியவர்கள். டிரைவர் பெயர் மேலே ஏறியது. மனைவி பெயர் கீழே, உடன் வந்தவர் என்று. விசாரணை அதிகாரியிடம் டிரைவர் "நாங்க வண்டிய எடுக்கல" என்று ஆரம்பித்து "நான் எடுக்கல" என்று முடித்தார். விடுதியிலும் அவர் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். விசாரணையன்று பக்கத்து அறையில் கண்டக்டரம்மாவிடம், கணவர் சொல்வதை ஒத்துக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றார். வீடும் வேலையும் போன மனுஷன், கொஞ்சம் நிமிர்ந்து நடக்கட்டுமே என்று விட்டுக்கொடுத்தார். மனசு வலிக்கத்தான் செய்தது.

மனு தள்ளுபடியானது. மேல்முறையீடும் தோற்றால், முகத்தைப் பார்த்து வைத்தவர்களிடமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நல்லவேளையாக, வந்து வாய்த்த வக்கீலம்மாவுக்குத் தமிழ் தெரிந்தது. தள்ளுபடிக்கான காரணத்தைப் படித்துச் சொன்னார்: வாத்தியாரை இழுத்து இறக்கியவர்கள் எப்படி இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று விண்ணப்பதாரருக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆகவே நம்புவதற்கில்லை.

"டிரைவர் ரோட்டத்தானே பாத்துட்டு இருப்பாரு, பாவம்" என்றார் கண்டக்டரம்மா. பிறகு யார் கையில் துப்பாக்கி, யார் காலில் செருப்பில்லை, வாத்தியார் சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்தது என்று ஸ்டாப் பெயர்களை ஒப்பிப்பதுபோல் வரிசையாகச் சொன்னார்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதையெல்லாம் ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீலம்மா அவரைப் பார்த்துத்தான் சொன்னார். "இப்ப கதைய மாத்தினா பொய்னு தூக்கிப் போட்டுடுவாங்க சார். முன்னாடி சொன்னது தப்புன்னு நீங்களே உங்க வாயால சொல்லணும். இல்லன்னா அம்மா சொல்றது எடுபடாது."

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் டிரைவர் நாலடி முன்னாலேயே நடந்தார். கண்டக்டரம்மா வற்புறுத்தவில்லை. கெஞ்சி வாங்கினால் அது சாட்சி ஆகாது என்பது அவர் எண்ணம்.

விசாரணை நாளில் கண்டக்டரம்மா முதலில் பேசினார், குரல் நடுங்காமல். நீதிபதி டிரைவர் பக்கம் திரும்பினார். போனமுறை நீங்கள் நிறுத்தியதாகச் சொன்னீர்கள், இன்று இவர் தான்தான் என்கிறார், எது உண்மை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

டிரைவர் நாற்காலியின் கைகளை ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். "அய்யா, என் கால் ஆக்ஸிலேட்டர் மேல இருந்துச்சு. நான் பயந்துட்டேன். எடுத்துட்டுப் போயிருப்பேன்."

"பிறகு ஏன் போகவில்லை?"

"விசில் வரல."

நீதிபதிக்குப் புரியவில்லை. டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்டக்டர் விசில் குடுக்காம வண்டி நகரக் கூடாதுங்க. அவங்க குடுக்கல. அன்னிக்கு அந்த வண்டியில பயப்படாத ஆளு அவங்க ஒருத்தங்கதான். வாய் கூசாம என் பேர்ல சொல்லிட்டேன். அவங்க பேர மேல எழுதுங்க, என் பேரு கீழ இருந்தா போதும்."

வீட்டில் 'இந்தா', 'ஏய்' என்பதைத் தாண்டி எதுவும் சொல்லாத மனிதர், ஊரறிய 'அவங்க' என்கிறார். கண்டக்டரம்மாவுக்கு நெஞ்சு விம்மியது. தன் பெருமை பாதி, அவர் பெருமை பாதி. பயந்தேன் என்று சபையில் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டுமல்லவா?

கொஞ்ச நாள் கழித்து வக்கீலம்மா அலுவலகத்துக்குக் கூப்பிட்டுத் தீர்ப்பைக் காட்டினார். தஞ்சம் கிடைத்துவிட்டது. கண்டக்டரம்மா பெயர் மேலே, டிரைவர் பெயர் கீழே. காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கண்டக்டரம்மா கிளம்பினார். முன்னால் போன டிரைவர் வாசலில் வழியை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னங்க நின்னுட்டீங்க?"

"நீ இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

விசில் அந்த வீட்டோடு எரிந்துபோயிருந்தது. கண்டக்டரம்மா உள்ளங்கையால் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்."