எழுதாமல் விட்ட முதல் வரி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸைப் பராமரிக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் இணைய மன்றம். முகம் தெரியாதவர்கள் பைசா வாங்காமல் நடத்தினார்கள். கற்றுக்கொண்டவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பதிலுக்கும் முதல் வரி, "இருக்கிற ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள்" என்பதுதான்.

ஒரு மத்தியானம், ஏதோ ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண், டேட்டாபேஸ் திறக்கவில்லை என்று மன்றத்தில் எழுதியிருந்தார். எனக்கு மற்றவர்களை முந்த வேண்டும் என்ற வெறி. டிபன் பாக்ஸைக்கூட மூடாமல் ரிப்பேர் கட்டளையை மட்டும் அடித்து அனுப்பினேன். கெட்டுப்போன பகுதியை அது அழித்துவிடும் என்று சொல்லவில்லை.

பத்து நிமிஷத்தில் "திறந்துடுச்சு சார், ரொம்ப நன்றி" என்று எழுதி, என் பதிலுக்குச் 'சரியான விடை' என்ற பச்சைக் குறி போட்டார். இன்னா பெருமை எனக்கு! பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சாயங்காலம் மறுபடி எழுதியிருந்தார். "நிறைய நோயாளிங்க விவரம் காணோம் சார். முன்னாடியே காப்பி எடுத்திருக்கணுமா? நீங்க சொல்லலையேன்னு எடுக்கல."

நான் பதில் எழுதவில்லை, கோழை. அவரோ அந்தப் பச்சைக் குறியை எடுக்கவே இல்லை.