இரண்டு படத்துக்கும் ஒரே வெளிச்சம்

நாகலூர் அமுதவல்லிக்கு ஆய்வுக்கூடத்தில் காப்பி இலைப் படங்களைக் கணினியில் ஒப்பிடும் வேலை. நோய் இலையோ நல்ல இலையோ, இரண்டையும் ஒரே வெளிச்ச அளவில்தான் பார்ப்பாள். ஒன்றுக்கு மட்டும் கூட்டினால் இருக்கிற நோய்கூட மறைந்துவிடும். அதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த கல்யாணத் தரகர் அவளுடைய போட்டோவைப் பார்த்தார். "மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னால கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடு கண்ணு" என்றார்.

அவள் மறுக்கவில்லை. மடிக்கணினியில் தன் முகம் அவர் கேட்ட வெளுப்புக்கு வரும்வரை வெளிச்சத்தைக் கூட்டினாள். பிறகு தரகர் முன்பே அனுப்பியிருந்த மாப்பிள்ளையின் படத்தைத் திரையில் பக்கத்தில் வைத்து, அதற்கும் அதே அளவு கூட்டினாள். அது ஏற்கெனவே ஸ்டூடியோவில் வெளுத்து வந்த படம். வெள்ளைத்தாளில் ஒட்டியதுபோல் மீசை மட்டும் மிஞ்சியது.

"அனுப்பறதுன்னா ரெண்டையும் இப்படியே அனுப்புங்க" என்றாள்.