முன்பல் இல்லாத சாமி

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நாங்கள் முதலில் கும்பிட வேண்டியது என் மகளை. கல்யாணமாகாமல் போய்ச் சேர்ந்த பெண் பிள்ளையை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று வீட்டுச்சாமியாக வைத்துக்கொள்வோம். நல்ல காரியம் எது வந்தாலும் முதல் புதுத்துணியும் முதல் படையலும் அவளுக்குத்தான். என் மகள் ஏழு வயதில் காய்ச்சலில் போனாள். இருந்திருந்தால் தம்பி தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சு போட்டிருப்பாள்.

இதுவரை ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, மஞ்சள் பூசி, பூச்சுற்றித்தான் கும்பிட்டோம். இந்த முறை படம் வைக்கலாம் என்றார் அண்ணன். சம்மந்தி வீட்டாரும் வருகிறார்கள், பார்க்க லட்சணமாக இருக்குமாம். அண்ணன் காடாம்புலியூரில் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பவர். எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு குடும்பப் படம். எங்கள் சுரங்க டவுன்ஷிப் பூங்காவில் சறுக்குமரத்துப் பக்கத்தில் நாலு பேரும் நிற்கிறோம். குவார்ட்டர்ஸ் சுவரில் மழை ஊறி, படத்திலும் பூஞ்சை ஏறிவிட்டது. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கம்ப்யூட்டரில் ஓவியம் மாதிரி மாற்றிவிட்டால் உடைசல் தெரியாது என்று வடலூர் ஸ்டூடியோவில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனே கொடுத்து, கண்ணாடி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

பிரித்துப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் ஒரு பிள்ளை. இடுப்பு வரை பின்னல், நெற்றிச்சுட்டி, வாய் நிறையப் பல்.

என் மகள் என்னைப் போலக் கறுப்பு. பூங்காவில் அந்தப் படம் எடுத்தபோது கோயிலில் முடி இறக்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேலே முன்பல் இரண்டும் விழுந்து, அந்த ஓட்டை தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பல் முளைப்பதற்குள் போய்விட்டாள்.

"எப்பிடிடா? மகாலட்சுமி மாரி இல்ல?" என்றார் அண்ணன்.

"மகாலட்சுமி நல்லாத்தான் இருக்காங்க. நம்ம பொண்ணு எங்கண்ணா?"

"சாமியாயிட்டவளுக்கு ஏதுடா கறுப்பு செவப்பு?"

"அப்ப எதுக்கு செவப்பாக்கினு வந்தீங்க?"

அண்ணனை நான் அப்படி எதிர்த்துப் பேசியதே இல்லை. என் மனைவி படத்தில் அந்தப் பல்லையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. ஆனால் அன்றைக்கு முடிவு செய்தேன், என் பிள்ளையை நானே வரைகிறேன் என்று. போனில் ஓவியமாக மாற்றுகிற ஆப் ஒன்றை இறக்கினேன். பழைய படத்தை அதில் போட்டு அழுத்தினால், பூஞ்சை போய், தூரிகை இழுத்த மாதிரி அழகாகத்தான் வந்தது. ஆனால் அதுவும் பல்லை முளைக்க வைத்தது. எண்ணெய் ஓவியம் என்று அழுத்தினால் பல். நீர்வண்ணம் என்று அழுத்தினால் பல். நிறத்தைக் குறைத்தேன், பல் போகவில்லை. யார் கேட்டார்கள் உன்னிடம் பல்? போனோடு சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போதும் அதே வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கூட வேலை செய்கிற திருநெல்வேலிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ரிட்டயர்டு ஆன பொறவு பெயின்டிங் காண்ட்ராக்ட் எடுக்கப் போறீயளோ?"

"இவ எம் பொண்ணுங்க."

சிரிப்பை நிறுத்திக்கொண்டார். போனை வாங்கித் தேடித் துழாவி, முகத்தைத் தானாகச் சரிசெய்கிற இடத்தைக் காட்டி, "இத அணைச்சிப் பாருங்க" என்றார். அணைத்தேன். அடுத்த முறை என் மகள் ஓட்டை வாயோடு வந்தாள். மொட்டைத் தலை, கறுத்த முகம், எல்லாம் வண்ணத்தில். பஸ் எங்கள் பிளாக்கைத் தாண்டிப் போனது எனக்குத் தெரியவில்லை.

மெயின் பஜாரில் பிரிண்ட் எடுத்து வந்து வீட்டில் மாட்டினேன். படையலுக்கு முதல்நாள் வந்த அண்ணன் அதைப் பார்த்ததும் செருப்பைக்கூட சரியாகக் கழற்றவில்லை.

"சாமி படத்துல ஓட்டப்பல்லா? சம்மந்தி வூட்டாரு பாத்தா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். அவளும் சிரிச்சிக்கினுதான் இருக்கா."

"சரி, பூ கட்டிப் பாத்துடுவம். செவப்புப் பூ வந்தா எம் படம், வெள்ள வந்தா உம் படம். சாமியே சொல்லட்டும்."

பூ கட்டிப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. வேலையில் பர்மனென்ட் ஆவேனா என்று பூ கட்டிக் கேட்டவன் நான். இந்தச் சம்பந்தத்துக்கும் கேட்டுத்தான் சரி என்றேன். அன்றைக்கு மட்டும் கை கூப்பிச் சொன்னேன்: "வாணாண்ணா. நடக்கப்போறத சாமிகிட்ட கேப்பேன். எம் பொண்ணு எப்பிடி இருந்தான்றத நான் யாருகிட்டயும் கேக்க மாட்டேன். சாமிகிட்டயும் கேக்க மாட்டேன்."

சொன்ன பிறகு தெய்வக் குற்றமோ என்று நினைத்தேன். இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். ராத்திரி சாப்பிடவும் உள்ளே வரவில்லை.

மறுநாள் காலையில் என் படத்தின் முன்னால்தான் இலை போட்டோம். புதுப் பாவாடை, வளையல், ரிப்பன். மொட்டைத் தலைக்கு எதற்கு ரிப்பன் என்று நான் கேட்கவில்லை. முடி வளர்ந்தால் வேண்டும் என்று அப்போது அடம்பிடித்தவள்தான் அவள். என் மனைவி சோறும் குழம்பும் வைத்தாள். கடைசியாக அதிரசத்தை எடுத்து, படத்தை ஒரு தரம் பார்த்து, அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்தாள்.

அண்ணன் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். குடும்பத்துக்கு மூத்தவர், அவர்தான் காட்ட வேண்டும். பிய்த்த அதிரசத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முறுக்கையும் ஒடச்சி வைம்மா," என்றார்.

"சரிங்க மாமா," என்று என் மனைவி முறுக்கை எடுத்தாள்.