பதினொரு மணிப் படையல்

இலண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற பகுதியில் டிராம் ஏறியபோது காலை ஆறு மணி பத்து. ஓகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை, பாடசாலை விடுமுறை. கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து. விம்பிள்டனில் இறங்கி இரயில் மாறினால் இரண்டாவது நிலையம் நியூ மோல்டன். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து மைல்தான். பத்தொன்பது வருடம் இலண்டனில் இருந்தும் அந்தப் பக்கம் நான் போனதில்லை. கொரியர்கள் நிறைய வாழும் இடம் என்று மட்டும் தெரியும்.

சூமின் சமையலுக்குத் துணையாக வரக் கூப்பிட்டாள், போனேன். இருவருக்கும் விம்பிள்டனில் ஒரு பாடசாலைக் குசினியில் வேலை. தென் கொரியாவில், சோல் நகரத்தில் பாலங்களுக்கு வரைபடம் போட்ட பொறியியலாளர் அவள். இங்கே என்னோடு நின்று உருளைக்கிழங்கு மசிக்கிறாள். அன்று அவளுடைய மாமனாரின் திதி. அதே நாள் பன்னிரண்டேகாலுக்கு வாட்டர்லூவில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் நேர்முகம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு. கணவர் வேறு நாள் கேட்கச் சொன்னாராம். கேட்டிருக்கிறாள், அந்த ஒரு நாள்தான் என்றுவிட்டார்கள்.

நியூ மோல்டன் ஹை ஸ்ட்ரீட்டில் பாதிப் பெயர்ப்பலகைகள் கொரிய எழுத்தில். நடுவே ஒரு தமிழ்க் கடை, வாசலில் ஒருவர் முருங்கைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, வேலைக்கோ?"

"இல்லைத் தம்பி, திவசத்துக்கு."

"ஆற்ர வீட்ட?"

"ஒரு கொரியாக்காரற்ர வீட்ட."

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று இரண்டு பவுண் ஐம்பதுக்கு ஒரு பெட்டி பீச்சஸ் பழம் வாங்கினேன்.

கதவைத் திறந்த சூமின் பெட்டியைக் கண்டு திடுக்கிட்டாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆங்கிலம் வரும். ஆகையால் எங்கள் பேச்சை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அக்கா, இதை உள்ள கொண்டு வரக் கூடாது. பீச்சஸ் இருந்தா ஆவி வராதாம்."

"அப்ப நல்லதுதானே, உள்ள வைப்பம்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஏழரையிலிருந்து பொரித்தோம். மீன், பூசணி, தோஃபு எல்லாம் முட்டையில் தோய்த்து. உள்ளி கூடாது, மிளகாய் கூடாது, ருசி பார்க்கவும் கூடாது. எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை. பொரித்துக்கொண்டே சோல் கதை சொன்னாள். கர்ப்பமாக இருக்கிறேன் என்று அலுவலகத்தில் சொன்ன வாரமே அவளுக்குப் பிரியாவிடை விருந்து வைத்தார்களாம். வேலையை விடுகிறேன் என்று அவள் சொல்லவேயில்லை.

"கேக் வெட்டச் சொல்லிச்சினம், வெட்டினன். அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. அவளோ அடுத்த துண்டைத் திருப்பிப் போட்டாள்.

பதினொரு மணிக்குப் படையல். அப்போது சோலில் இரவு ஏழு. மாமியார் அங்கிருந்து கைத்தொலைபேசித் திரையில் மேற்பார்வை. மீனின் தலை கிழக்கே பார்க்கவில்லை என்று அவர் சொல்ல, கணவர் தட்டைத் திருப்பி வைத்தார். அன்றைய சமையலில் அவருடைய பங்கு அதுதான். அவரும் அவருடைய தம்பியும் கோட் சூட்டில் மேசைக்கு முன் நின்றார்கள். அந்தக் குடும்பத்தில் பெண்கள் விழுந்து வணங்குவதில்லை.

குசினிக்குள் சூமின் ஏப்ரனைக் கழற்றினாள். உள்ளே வெள்ளைச் சட்டை.

"அவை கும்பிடேக்க நான் அங்க தேவையில்லை. சூப்பை எடுத்துப்போட்டு இந்தத் தண்ணிக் கிண்ணத்தை வைக்கவேணும். அதை மட்டும் செய்வீங்களா?"

"ஓம். நீ போ."

"தலையில எண்ணெய் மணக்குதா?"

"மணக்குது."

"சரி" என்று பின்கதவால் போனாள். பதினொன்று பத்து.

கிண்ணத்தை மேசையில் வைத்தபோது என் கையும் வளையலும் மட்டும் திரையில் விழுந்திருக்க வேண்டும். மாமியார் ஏதோ கேட்டார். கணவர் குசினிப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வரியில் பதில் சொன்னார். மாமியார் தலையாட்டினார்.

எல்லாம் முடிந்ததும் மனிதர் என்னிடம் வந்தார்.

"போயிட்டாவா?"

"ஓம். அம்மா என்ன கேட்டவா?"

"மருமகள் எங்க எண்டு. குசினிக்குள்ள நிக்கிறா எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அம்மா ஒண்டும் கேக்கேல்லை."

கடைசி வரியைச் சொல்லும்போது அவருக்கே முகம் சுருங்கியது. பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை.

இரண்டு மணிக்குத் திரும்பும் டிராமில் சூமினின் செய்தி வந்தது. ஒன்பது வருடம் என்ன செய்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாம். அடுத்த கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். டிராமுக்குள்ளேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மிச்சத்தில் எங்கள் வீட்டிலும் என் மாமனாரின் திவசம் வரும். பதினாறு வருடமாக நான்தான் சமைக்கிறேன். ஐயர் முன்னறையில் என்ன செய்கிறார் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என்னை யாராவது தேடியிருந்தால் எங்கள் ஆட்களும் குசினிக்குள் நிற்கிறாள் என்ற அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு வித்தியாசம், எங்கள் வீட்டில் அது பொய்யாக இருந்திருக்காது.