நாகலிங்க மரத்தடியில் ஆள் கணக்கு

பூங்காவைச் சுற்றிக் காட்டும் வேலையில் மரத்தின் பேர் மறந்தால் சமாளித்துவிடலாம். கூட வந்த ஆட்கள் நடுவழியில் நழுவினால் ஒன்றும் செய்ய முடியாது. எதற்காவது ஆள் சேர்த்து அலைந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். பினாங்குத் தண்ணீர்மலையில், வெள்ளைக்காரன் காலத்துத் தாவரப் பூங்காவில், மாதம் ஒரு ஞாயிறு காலை தமிழில் நடை நடத்துகிறேன். எனக்கு அது உயிர். போன மாதம் பூங்காப் பொறுப்பாளர் மேடம், கடைசி மரம்வரை பத்துப் பேராவது வராவிட்டால் தமிழ் நடையை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அன்று வந்தவர்கள் பதினொரு பேர்.

குரங்குக்குப் பசி

சாப்பாட்டை வெளியே எடுக்காதீர்கள் என்று வாசலிலேயே சொன்னேன். செபராங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு அண்ணன், ஒரு வாய்தானே என்று நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். குரங்கு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அண்ணன் வேறு பொட்டலம் வாங்க மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்ப, பதினொன்று ஒன்பதானது. போகாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"ஹிஸ்டரி அடுத்த மாசமும் இருக்கும் தம்பி, நாசி லெமாக் பத்து மணிக்கு முடிஞ்சிரும்லா!"

சக்கரைக்குக் கேட்குமா?

ஜெலுத்தோங்கிலிருந்து வந்த அக்கா ஒருவர் எந்த மரத்தைக் காட்டினாலும் சக்கரை வியாதிக்குக் கேட்குமா என்றார். பிரம்மாண்டமான தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று, நூறு வருடக் கதையைத் தொண்டை வறளச் சொன்னேன். அப்போதும் அதே கேள்வி. இல்லை அக்கா, நிழல் மட்டும்தான் என்றேன்.

"நூறு வருஷமா நிக்குது, சக்கரைக்குக்கூட ஒதவலன்னா எதுக்குத் தம்பி நிக்குது?"

கடைசி மரம்

கடைசியில் நாகலிங்க மரம். பூவைப் பார்த்ததும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். மற்ற எட்டுப் பேரும் கழற்றினார்கள். பக்கத்து மலைக்கோயிலிலிருந்து இறங்கி வந்த நாலு பேர், ஏதோ பூசை என்று நினைத்து, அவர்களும் கழற்றிவிட்டு நின்றார்கள். தூரத்தில் மேடம் ஆள் எண்ண வந்துகொண்டிருந்தார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். தொழில் புத்தி விடுமா? இது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்று சொல்லித் தொலைத்தேன். நால்வரில் ஒருவர் செருப்பை மாட்டினார். மற்ற மூவரும் மாட்டக் குனிந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரை மறுபடி கழற்ற வைத்து, மேடத்தின் எண்ணிக்கையைப் பதின்மூன்றாக்கியது, கூப்பிய கையை இறக்காமல் அக்கா சொன்ன ஒரு வார்த்தை.

"எங்கேருந்து வந்தா என்ன தம்பி, நாம மட்டும் இங்கயேவா மொளச்சோம்? நம்மளும் கப்பல்ல வந்தவங்கதானே!"

ஆக, நான் நெட்டுருப் போட்ட வரலாறெல்லாம் காப்பாற்றாத தமிழ் நடையை, கழற்றிப் போட்ட நாலு ஜோடிச் செருப்பு காப்பாற்றிவிட்டது.